வளைவும் வஞ்சமும்: ஆங்கிலக் கோணற் சொற்களும் தமிழ், மலையாள நிகரன்களும்

1. முன்னுரை

வடிவத்தைக் குறிக்கும் சொற்கள் ஒழுக்கத்தைக் குறிக்கும் சொற்களாக மாறுவது உலக மொழிகள் பலவற்றில் காணப்படும் பொதுப்பண்பு. நேரானது நல்லது, வளைந்தது தீயது என்னும் உருவகம் ஆங்கிலத்திலும் உண்டு. தமிழிலும் மலையாளத்திலும் உண்டு. இவ்வொற்றுமையே மொழிபெயர்ப்பாளரைத் தவறான இடத்திற்கு இட்டுச் செல்கிறது. உருவகம் ஒன்றாக இருப்பதால் சொற்களும் ஒன்றுக்கொன்று நிகராக நிற்கும் என்று கொள்ள மனம் விழைகிறது. ஆனால் எது வளைகிறது, யார் வளைந்தவர், எந்த நேர்கோட்டை வைத்து வளைவு அளக்கப்படுகிறது என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு மொழியும் தனித்தனி விடை வைத்துள்ளது.

வளைவு, முறுக்கு, நேர்மையின்மை ஆகியவற்றைச் சுட்டும் ஆங்கிலச் சொற்களை வகைப்படுத்தி, தமிழிலும் மலையாளத்திலும் அவற்றுக்குரிய இடங்களை ஒப்பிட்டு, மொழிபெயர்ப்புக்குப் பயன்படும் சில நெறிகளைக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கம். மலையாளத்தை இணைத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. திருவனந்தபுரத்திலும் குமரி மாவட்டத்திலும் மொழிபெயர்ப்புப் பணி பெரும்பாலும் இம்மூன்று மொழிகளுக்கிடையே நிகழ்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதப் போக்குவரத்துச் செய்ய இடமளிக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்த தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களின் பழைய ஆவணங்கள் பல மலையாளத்தில் உள்ளன. இத்தகைய ஆவணங்களில் ஒருவர் மீது சுமத்தப்படும் குற்றத்தின் பெயர் பிழைபடுமானால், பிழை சொல்லோடு நின்றுவிடுவதில்லை.

2. ஆங்கிலச் சொற்களின் நால்வகை

இவ்வகை ஆங்கிலச் சொற்களை அவற்றின் அடிப்படையில் உள்ள அசைவைக் கொண்டு நான்காகப் பிரிக்கலாம்.

முதல் வகை, வளைந்த பொருள். 'க்ரூக்' என்னும் சொல் பழைய நார்ஸ் மொழியில் கொக்கியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. இடையன் கையிலுள்ள வளைகோலுக்கு இன்றும் அதுவே பெயர். இடைக்கால ஆங்கிலத்திலேயே அது தந்திரம், சூது என்னும் பொருளையும் பெற்றிருந்தது. மோசக்காரன் என்று ஆளையே குறிக்கும் வழக்கு 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆங்கிலத்தில் பரவிற்று. ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் அச்சொல் பெயரடையாக நின்று உடல்நலமின்மையைக் குறிக்கும் என்பதும் நோக்கத்தக்கது. 'பென்ட்' என்பது பிரித்தானியப் பேச்சு வழக்கில் கையூட்டுப் பெறும் காவலரையும் அதிகாரியையும் குறிக்கும். இலத்தீன் மொழியில் 'கோணல்' என்று பொருள்பட்ட 'ப்ராவுஸ்' என்னும் சொல், ஒழுக்கக்கேட்டைக் குறிக்கும் 'டிப்ரேவ்ட்' என்னும் சொல்லில் மறைந்து நிற்கிறது.

இரண்டாம் வகை, முறுக்குதல். இதுவே ஆங்கிலத்தில் மிக ஆழமாக வேரூன்றியது. தவறு என்பதற்கு ஆங்கிலத்தில் மிகப் பொதுவான சொல்லாகிய 'ராங்', துணியை முறுக்கிப் பிழிதலைக் குறிக்கும் 'ரிங்' என்னும் வினையோடு ஓரினமானது. இரண்டும் எழுத்தில் ஒலியாத 'டபிள்யூ'வுடன் தொடங்குவது அவ்வுறவின் அடையாளம். இலத்தீனில் முறுக்குதலைக் குறிக்கும் 'டார்க்குவேரே' என்னும் வினையிலிருந்து 'டார்ட்', 'டிஸ்டார்ட்', 'எக்ஸ்டார்ட்', 'டார்ச்சர்', 'டார்மென்ட்' ஆகியவை கிளைத்தன. உண்மையை முறுக்கினால் திரிபு. பிறர் கையை முறுக்கிப் பணம் பெற்றால் மிரட்டிப் பறித்தல். உடலை முறுக்கினால் சித்திரவதை. இவை அனைத்திலும் முறுக்குபவர் ஒருவர், முறுக்கப்படுவது வேறொன்று என்பதை மனத்தில் இருத்த வேண்டும்.

மூன்றாம் வகை, வழிவிலகல். 'டீவியஸ்', 'டீவியேஷன்' ஆகியவற்றின் அடியில் உள்ளது 'வழி' என்று பொருள்படும் 'வியா' என்னும் இலத்தீன் சொல். நான்காம் வகை, திருப்புதல் அல்லது புரட்டுதல். 'பர்வர்ஸ்', 'பர்வர்ட்', 'சப்வர்ட்' ஆகியவை 'திருப்பு' என்னும் பொருளுடைய 'வெர்டேரே' என்னும் வினையின் வழி வந்தவை.

இவற்றுக்கு எதிராக நிற்பவை 'ரைட்', 'ரெக்டிட்யூட்', 'அப்ரைட்', 'ஸ்ட்ரெய்ட்' முதலிய நேர்மைச் சொற்கள். எனினும் ஆங்கிலத்தில் நேர்மையாளரைக் குறிக்கும் அன்றாடச் சொல் இவற்றுள் ஒன்றன்று. 'ஹானஸ்ட்' என்பது மதிப்பைக் குறிக்கும் 'ஹானர்' என்பதோடு தொடர்புடையது. வடிவத்தோடு அதற்கு உறவில்லை. அன்றாட வழக்கில் நன்மை மதிப்பின் பெயராலும் தீமை முறுக்கின் பெயராலும் அழைக்கப்படுகின்றன எனலாம்.

3. தமிழில் நேரும் கோணலும்

3.1 நேர்மையும் தவறும்

தமிழில் நிலைமை தலைகீழாக உள்ளது. நேர்மை, செம்மை, செவ்வை, செப்பம் எனப் பாராட்டுச் சொற்களே நேர்கோட்டு வடிவத்தைப் பற்றி நிற்கின்றன. ஆயின் அன்றாடப் பழிச்சொற்களாகிய தவறு, தப்பு, பிழை ஆகிய மூன்றிலும் வளைவு இல்லை. தவறுதல் என்பது கை நழுவுதல், குறி விடுபடுதல். தப்புதல் என்பது குறிக்கு அகப்படாமல் போதல். ஆகவேதான் குற்றம் செய்தலையும் ஆபத்திலிருந்து மீளுதலையும் அவ்வொரு சொல்லே குறிக்கிறது. பிழைத்தல் என்பதும் அவ்வாறே குற்றம்படுதலையும் உயிர்தப்பி வாழ்தலையும் ஒருங்கே சுட்டும். மூன்றிலும் காணப்படுவது குறி தவறிய அம்பின் படிமம்.

ஆகவே தமிழில் நேர்மைக்கு எதிர்ச்சொல் நேர்மையின்மையே தவிர, வளைவிலிருந்து பிறந்த அன்றாடச் சொல் அன்று. 'கோணல்' என்பது அவ்விடத்தை நிரப்பக்கூடும் என்று தோன்றலாம். 'முதல் கோணல் முற்றும் கோணல்', 'ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்' ஆகிய பழமொழிகளை நோக்கினால் கோணல் என்பது அமைப்பின் குறை, தொடக்கத்தின் குறை என்பது விளங்கும். கோணலாகக் கட்டப்பட்ட சுவர் யாரையும் ஏமாற்றுவதில்லை. 'கோணல் புத்தி' என்னும் தொடரில் மட்டும் ஏமாற்றின் சாயல் ஏறுகிறது. அங்கும் 'புத்தி' என்னும் சொல் துணை நின்றாலன்றி அப்பொருள் கிடைப்பதில்லை.

3.2 கோடுதலும் கோலும்

தமிழில் வளைவு ஒழுக்கப் பொருள் பெற்ற களம் வேறு. 'கோடு' என்னும் வினை வளைதலையும் நடுவுநிலை தவறுதலையும் குறிக்கும். 'கோட்டம்' என்னும் பெயர் வளைவையும் ஒருபாற் சாய்தலையும் குறிக்கும். திருக்குறளில் நடுவுநிலைமை, செங்கோன்மை, கொடுங்கோன்மை ஆகிய அதிகாரங்களின் பெயர்களே இக்களத்தைக் காட்டிவிடுகின்றன. துலாக்கோல் சாயலாம், நடுவர் நா சாயலாம், அரசன் கோல் வளையலாம். நேராக நிற்க வேண்டிய கடமை உடையது எதுவோ அதுவே கோடும்.

இதற்குச் சிறந்த சான்று சிலப்பதிகாரம். மதுரையில் சிலம்பைக் களவு செய்தவன் பொற்கொல்லன்; பழியைக் கோவலன் மேல் ஏற்றியவனும் அவனே. ஆயினும் வளைந்தது எனக் காப்பியம் சொல்வது பாண்டியனின் கோலைத்தான். வினையால் வளைந்த கோலைப் பாண்டியனின் பிரிந்த உயிரே நிமிர்த்திச் செங்கோலாக்கியது என்று சேரன் செங்குட்டுவன் வாயிலாக இளங்கோ கூறும் இடம் அறிஞர் பலரும் எடுத்துக்காட்டுவது. இதே கதையை ஆங்கிலத்தில் சுருக்கிச் சொல்பவர் 'க்ரூக்' என்னும் சொல்லைப் பொற்கொல்லனுக்கே இடுவார். தமிழ்ப் படிமமோ வளைவைத் திருடனிடம் காணாமல் தீர்ப்பளித்தவனிடம் காண்கிறது. ஒரே உருவகம் இரு மொழிகளில் இரு வேறு மனிதர்மேல் சென்று விழுவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

3.3 கொடுமையின் பொருள் நகர்வு

'கொடு' என்னும் பெயரடை வளைந்தது என்னும் பொருளுடையது. கொடுவாள் என்பது வளைந்த வாள். மலையாளத்திலும் அச்சொல் அப்பொருளில் உண்டு. பரோவும் எமனோவும் தொகுத்துத் தந்த திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி (முதற்பதிப்பு 1961, இரண்டாம் பதிப்பு 1984) கொடு, கொடுமை, கோடு, கோட்டம் ஆகியவற்றை ஓரினமாகக் காட்டுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் கொடுமை என்பதற்கு வளைவு என்பதையும் ஒரு பொருளாகத் தருகிறது. இன்றைய தமிழரோ கொடுமை என்றால் துன்புறுத்தல் என்றே கொள்வர்.

இந்நகர்வுக்குரிய வழியைக் கோல் என்னும் படிமமே காட்டுகிறது எனக் கருதலாம். வளைந்த கோல் கொடுங்கோல். கொடுங்கோலின் கீழ் வாழ்வோர் அனுபவிப்பது முறைகேட்டைவிட அதனால் விளையும் துன்பம். கோலின் வடிவத்தைக் குறித்த சொல் குடிகள் பட்ட துன்பத்தைக் குறிக்கலாயிற்று. ஆங்கிலத்தில் கொக்கியின் வளைவு களவாயிற்று. தமிழில் கோலின் வளைவு வன்மையாயிற்று. முன்னது பறிப்பவனின் கருவி. பின்னது ஆள்பவனின் கருவி. கருவி மாறியதால் ஒழுக்கப் பொருளும் மாறிற்று.

வடிவமும் பண்பும் பிரிந்து நிற்பதைத் திருக்குறளின் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரமே காட்டுகிறது. அம்பு நேரானதாயினும் செயலால் கொடியது, யாழ் வளைந்ததாயினும் செயலால் செவ்விது, ஆகவே மனிதரையும் செயல் கொண்டே மதிக்க வேண்டும் என்பது அங்குக் கூறப்படும் கருத்து. நேரான அம்பின் மேல் வளைவின் வழிவந்த சொல்லும், வளைந்த யாழின் மேல் நேரின் வழிவந்த சொல்லும் ஏற்றப்படுகின்றன. ஆங்கிலத்தில் நேர்மைக்கு ஒரு சொல், கொடுமைக்கு வேறொரு சொல் என்று பிரித்தே பெயர்க்க வேண்டியுள்ளது; கருத்து நிற்கும், சொல்லின் இரட்டை நிலை நிற்பதில்லை. ஒரே வேரின் இரு பொருள்களும் வள்ளுவர் காலத்திலேயே அருகருகே வாழ்ந்தன என்பதற்கு இது சான்று.

4. கொடுந்தமிழ் என்னும் பெயர்

மேற்கூறிய நகர்வை அறியாமையால் நேரும் இடர் கேரளத்துக்கு நெருக்கமானது. செந்தமிழுக்கு எதிராகக் கொடுந்தமிழ் என்னும் பெயர் வழங்கிவந்துள்ளது. உரையாசிரியர்கள் செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்தனவாகப் பன்னிரு நிலங்களைப் பட்டியலிட்டனர். பட்டியல்கள் தம்முள் சிறிது வேறுபட்டாலும் குட்டநாடும் குடநாடும் அவற்றுள் இடம்பெறும். சிலவற்றில் திருவனந்தபுரத்தை உள்ளிட்ட தென்பகுதியாகிய வேணாடும் இடம்பெறும். இந்நிலங்கள் பிற்காலத்தில் கொடுந்தமிழ் நாடுகள் எனப்பட்டன. வீரமாமுனிவர் 1728இல் இலத்தீன் மொழியில் எழுதிய இலக்கணம் பொதுமக்கள் வழங்கும் தமிழைக் கொடுந்தமிழ் என்றே குறித்தது. திருவனந்தபுரத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய ஏ. ஆர். ராஜராஜவர்மா தம் கேரளபாணினீயத்தில் (முதற்பதிப்பு 1896, திருத்திய பதிப்பு 1917) மலையாளத்தின் தோற்றத்தைக் கொடுந்தமிழிலிருந்து விளக்கினார்.

இப்பெயரில் உள்ள 'கொடு' என்பதற்கு வன்மைப் பொருள் கொள்வது பொருந்தாது. எழுத்து வழக்கின் நேர்கோட்டிலிருந்து விலகி வளைந்த வழக்கு என்பதே அதன் கருத்து. அதிலும் ஒரு மதிப்பீடு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. நேர்கோட்டை வரைந்தவரே வளைவுக்கும் பெயரிட்டார். ஆனால் அம்மதிப்பீட்டை முரட்டுத் தமிழ், கொடூரத் தமிழ் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களால் பெயர்க்கும்போது, இலக்கணத்தார் செய்யாத ஓர் இழிவு ஒரு மக்களின் பேச்சின் மேல் ஏறிவிடுகிறது. மலையாளத்தின் தோற்றம் பற்றிய விவாதங்கள் உணர்ச்சி மிக்கவை; அவற்றில் இச்சொல்லைப் பெயர்ப்பவர் வளைவு, விலகல் என்னும் பொருளை உணர்த்தும் சொல்லையே தேர்ந்துகொள்ளுதல் கடமையாகும்.

மலையாளத்தில் 'கொடும்' என்பது இன்று மிகுதியைக் குறிக்கும் முன்னொட்டாக நிலைபெற்றுள்ளது. கொடுங்காற்று, கொடும்சூடு என்பன போல மலைச்சாலையின் கூரிய வளைவைக் 'கொடும்வளவு' என்பர். திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தகைய வளைவைக் கொடும்வளவு என்பவர், வேர்ப்பொருள் நோக்கில் 'வளைந்த வளைவு' என்று கூறுகிறார். வேரின் பொருள் முற்றிலும் மறைந்த பின்னரே இத்தகைய தொடர் பிறக்க இயலும்.

5. மலையாளச் சொற்கள்: ஒத்த வடிவம், ஒவ்வாப் பொருள்

தமிழில் 'நேர்' என்பது வடிவத்தையும் திசையையும் குறிக்கும். பண்பைக் குறிக்க 'மை' விகுதி வேண்டும். மலையாளத்தில் 'நேர்' என்னும் தனிச்சொல்லே உண்மை என்று பொருள்படும். 2023 டிசம்பரில் வெளிவந்த நீதிமன்றப் பின்னணித் திரைப்படம் ஒன்றின் பெயரும் இதுவே. அப்பெயரைத் தமிழில் நேர் என்று எழுதினால் உண்மை என்னும் பொருள் கிடைப்பதில்லை. வழக்கில் 'நேர் பறஞ்ஞு' என்னும் சாட்சியத்தை 'நேராகச் சொன்னார்' என்று பெயர்ப்பவர், சாட்சி உண்மை சொன்னார் என்பதைச் சாட்சி நேரில் வந்து சொன்னார் என்றோ தயங்காமல் சொன்னார் என்றோ மாற்றிவிடுகிறார். 'நேரே சொவ்வே' என்னும் இணைச்சொல்லில் தமிழின் நேரும் செவ்வையும் சேர்ந்தே நிற்கின்றன; ஒளிவுமறைவின்றி என்பது அதற்குப் பொருத்தமான நிகரன்.

'கைக்கூலி' என்பது மலையாளத்தில் லஞ்சம். இன்றைய தமிழில் பிறருக்காகக் கூலிக்கு வேலை செய்யும் அடியாளையே கைக்கூலி என்கிறோம். லஞ்சம் வாங்கிய அலுவலர் பற்றிய மலையாளச் செய்தியைச் சொல் மாறாமல் பெயர்த்தால் குற்றமே வேறாகிவிடும். 'அழிமதி' என்பது ஊழல். அதற்கு அழிவோடு நேரடித் தொடர்பு தேட வேண்டியதில்லை. 'பிழ' என்பது தவறை மட்டுமன்றி அபராதத்தையும் குறிக்கும். 'பிழ அடச்சு' என்றால் அபராதம் செலுத்தினார் என்பதே பொருள்.

முறுக்குதல் வகையில் மலையாளம் வளமானது. பணத்தைக் கையாடல் செய்வது 'திரிமறி'. திரிதலும் மறிதலும் சேர்ந்த சொல். ஒருவர் கூற்றைத் திரித்து வெளியிடுவது 'வளச்சொடிக்குக'. வளைத்து ஒடித்தல் என்பது அதன் அமைப்பு. அரசியல்வாதி ஒருவர் தம் பேச்சுத் தவறாக வெளியிடப்பட்டது என முறையிடும்போது ஆங்கிலத்தில் சொல் முறுக்கப்படுகிறது, மலையாளத்தில் வளைத்து ஒடிக்கப்படுகிறது, தமிழில் திரிக்கப்படுகிறது. ஒரே செயலுக்கு மூன்று அசைவுகள்.

6. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்கள்

6.1 'க்ரூக்'. 1973 நவம்பர் 17 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் ஆர்லாண்டோ நகரில் செய்தி ஆசிரியர்கள் முன் தாம் ஒரு 'க்ரூக்' அல்லர் என்று கூறினார். பொதுப்பணியால் தாம் ஆதாயம் பெற்றதில்லை என்பதைச் சொல்லும் இடத்தில் அச்சொல் வந்தது. 'திருடன் அல்லேன்' என்றால் பொருள் குறுகும். 'வஞ்சகன் அல்லேன்' என்றால் தனிமனித உறவில் செய்த துரோகம் போலாகும். 'கோணலானவன் அல்லேன்' என்றால் தமிழாகாது. முறைகேடாகப் பொருள் சேர்த்தவர் என்னும் கருத்து மேலோங்குமிடத்தில் மோசடிக்காரன் என்பதும், சிறு ஏமாற்றுக்காரரைக் குறிக்குமிடத்தில் எத்தன் என்பதும் பொருந்தும். இரண்டிலும் வளைவு இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை.

6.2 'பென்ட்'. இதற்கு மாறாக, காவலரையோ நடுவரையோ குறிக்கும் இச்சொல்லுக்குத் தமிழின் வளைவுப் படிமம் மிக நெருங்கி வருகிறது. நேராக நிற்க வேண்டியவர் கோடினார் என்பதே இரு மொழிக் கருத்தும். இலக்கிய நடையில் 'கோடிய நடுவர்' என்பது சிறக்கும். ஆயினும் ஆங்கிலச் சொல் பேச்சு வழக்கினது. எனவே புதினத்திலும் செய்தியிலும் 'விலைபோன காவலர்' என்பதே அதே தளத்தில் நிற்கும். 'வளைத்துப் போடப்பட்ட' என்பதும் வழக்கில் உண்டு. ஆனால் வளைத்துப் போடுதல் என்பதில் வளை என்பது சூழ்ந்து அகப்படுத்துதலைக் குறிக்கும். நிலத்தை வளைத்துப் போட்டார் என்னும் வழக்கை ஒப்பிடுக. ஆகவே அத்தொடர் குற்றத்தை வளைத்தவர் மேல் ஏற்றி, வளைந்தவரின் பங்கைக் குறைத்துவிடும்.

6.3 விதியை வளைத்தல். ஆங்கிலத்தில் விதியை முறித்தல் வேறு, வளைத்தல் வேறு. வளைத்தல் சலுகை காட்டும் மென்மையான செயலையும் குறிக்கும். ஆசிரியர் ஒரு மாணவருக்காக விதியை வளைப்பது பாராட்டாகவும் அமையலாம். 'சட்டத்தை வளைத்தார்' என்னும் தமிழ்த் தொடர் செய்தித்தாள்களில் வழக்கூன்றிவிட்டது. ஆனால் செங்கோலும் கொடுங்கோலும் பின்னணியில் நிற்பதால் அது கடுங்குற்றச்சாட்டாகவே ஒலிக்கிறது. மென்பொருளில் வருமிடத்தில் 'விதியைத் தளர்த்தினார்' என்பதே உரிய நிகரன். தமிழில் வளைவு பாராட்டாக வரும் தொடர்கள் வேறு. வளைந்து கொடுத்தல் என்பது சூழலுக்கு இணங்குதல். நெளிவுசுளிவு அறிதல் என்பது ஒரு தொழிலின் நுட்பம் அறிதல். இவற்றை ஆங்கிலமாக்குவோர் நேர்மையின்மைச் சொற்களை அண்டலாகாது.

6.4 முறுக்குச் சொற்கள். மனம் திரிந்த கொடியவரை ஆங்கிலம் 'ட்விஸ்டட்' என்னும். தமிழில் முறுக்கிக்கொள்பவர் கொடியவர் அல்லர். மனத்தாங்கலால் விறைத்து நிற்பவர். 'திரிபு' என்பது பொதுவழக்கில் உண்மைச் சிதைவைக் குறிப்பினும், இலக்கண மரபில் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் புணர்ச்சி விகாரங்களுள் ஒன்று. தொல்காப்பியத்தின் திரிசொல் ஒரு சொல் வகை. மொழியியற் கட்டுரையில் 'டிஸ்டார்ஷன்' என்பதற்குத் திரிபு என்று இட்டால் குழப்பம் நேரும். அங்குச் சிதைவு என்பது தக்கது. இல்லாததை இட்டுக்கட்டிச் சொல்வதற்குக் 'கயிறு திரித்தல்' என்னும் வழக்கு உண்டு. உண்மையை முறுக்குவது வேறு. முறுக்கிப் புதிய கயிறு ஆக்குவது வேறு. இவ்வேறுபாட்டைத் தமிழ் நுட்பமாகக் காக்கிறது. சூழ்ச்சி வேலைகளைக் குறிக்கும் 'திருகுதாளம்', ஏமாற்றைக் குறிக்கும் 'புரட்டு' ஆகியவை ஆளைவிடச் செயலையே சுட்டுவன. 'க்ரூக்கட் டீலிங்' என்பதற்கு இவையே இயல்பானவை.

6.5 'பர்வர்ஸ்'. மேல்முறையீட்டுத் தீர்ப்புகளில் கீழ்நீதிமன்றத்தின் முடிவு 'பர்வர்ஸ்' எனப்படுவதுண்டு. சான்றுகளைக் கொண்டு அறிவுடைய எவரும் அத்தகைய முடிவுக்கு வர இயலாது என்பதே அதன் சட்டப் பொருள். முடிவெடுத்தவரின் ஒழுக்கத்தைப் பற்றிய கூற்று அன்று. இருமொழி அகராதியைப் பார்த்து 'வக்கிரமான முடிவு' என்று எழுதினால் நீதிபதியின் மேல் பழி சுமத்தியதாகும். வக்கிரம் என்னும் வடசொல் கோணலையே குறித்தது. சோதிடத்தில் கோளின் பின்னடைவுக்கு இன்றும் அதுவே பெயர். ஆயினும் இன்றைய தமிழில் அது மனக்கேட்டை, சிறப்பாகப் பாலியல் மனக்கேட்டைக் குறிக்கும். 'சான்றுக்கு முற்றிலும் முரணான முடிவு' என விரித்தெழுதுவதே முறை.

6.6 'டார்ட்'. முறுக்கு என்னும் வேர்ப்பொருள் இதில் முற்றும் மறைந்துவிட்டது. தமிழில் 'தீங்கியல்' என்பது இதற்கு நிலைபெற்றுள்ளது. வேரைப் பெயர்க்காமல் விளைவைப் பெயர்த்த இச்சொல்லாக்கம் நல்ல முன்மாதிரி. பாதிக்கப்பட்டவருக்கு நேர்ந்த தீங்கே அச்சட்டத்தின் மையம் என்பதை அது புலப்படுத்துகிறது.

6.7 சாட்சி மாறுதல். தன்னை அழைத்த தரப்புக்கு எதிராகச் சாட்சி சொல்பவரை ஆங்கில வழக்கு 'ஹாஸ்டைல்', அதாவது பகைச் சாட்சி என்னும். இந்தியாவில் 2024 ஜூலை 1 வரை நடைமுறையில் இருந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தன் 154ஆம் பிரிவில் அச்சொல்லைப் பயன்படுத்தவில்லை. ஒரு தரப்பினர் தம் சாட்சியையே குறுக்கு விசாரணையில் கேட்பது போன்ற வினாக்களைக் கேட்க நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றே கூறிற்று. தமிழ்ச் செய்தித்தாள்கள் 'பிறழ்சாட்சி' என்கின்றன. மலையாளச் செய்தித்தாள்கள் சாட்சி 'கூறுமாறி' என்கின்றன. கூறு என்பது அங்குப் பற்று, சார்பு. ஆங்கிலச் சொல் பகையைச் சுட்டுகிறது. மலையாளச் சொல் கட்சி மாறியதைச் சுட்டுகிறது. தமிழ்ச் சொல் வழி விலகியதைச் சுட்டுகிறது. முதல் வாக்குமூலம் அச்சுறுத்தலால் பெறப்பட்டதாயின், மன்றத்தில் மாற்றிச் சொன்னவரே உண்மை சொன்னவர் ஆகலாம். அந்நிலையில் பிறழ்சாட்சி என்னும் பெயர் தீர்ப்புக்கு முன்னரே ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. மன்ற ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் 'முன் வாக்குமூலத்திலிருந்து மாறிய சாட்சி' என்று நடுநிலையாக எழுதலாம். செய்தியை மொழிபெயர்ப்பவர் வழக்குச் சொல்லைக் கொள்ளலாம்.

7. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைப் பின்வருமாறு தொகுத்துரைக்கலாம். ஆங்கிலத்தில் வளைவும் முறுக்கும் தவறின் பொதுப்பெயராகவும் ஏமாற்றுக்காரரின் பெயராகவும் அமைந்தன. தமிழில் நேர்கோடு நற்பண்பின் பெயராயிற்று. தவறு குறிதவறுதலின் பெயராயிற்று. வளைவோ அதிகாரத்தில் இருப்பவரின் சாய்வுக்கு உரியதாகி, அங்கிருந்து கொடுமை என்னும் பொருளுக்கு நகர்ந்தது. மலையாளத்தில் நேர் உண்மையாயிற்று, கொடும் மிகுதியாயிற்று.

எனவே இச்சொற்களைப் பெயர்ப்பவர் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். முதலாவது, வளைந்தது ஆளா, பொருளா, சொல்லா? இரண்டாவது, தானே வளைந்ததா, பிறரால் முறுக்கப்பட்டதா? மூன்றாவது, அவருக்கு நேராக நிற்கும் கடமை இருந்ததா? மூன்றாம் வினாவுக்கு ஆம் என்பது விடையாயின் கோடுதல், சாய்தல் முதலிய தமிழ்ச் சொற்கள் கைகொடுக்கும். அன்று என்பது விடையாயின் வளைவை விட்டுவிட்டு மோசடி, புரட்டு, சூழ்ச்சி ஆகிய செயற்பெயர்களை நாடுதல் வேண்டும்.

இருமொழி அகராதிகள் இவ்வகைச் சொற்களுக்கு நிகரன்களை அடுக்கித் தருவதோடு நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு நிகரனும் அரசரைப் பற்றி வருமா, நடுவரைப் பற்றி வருமா, வணிகரைப் பற்றி வருமா, கூற்றைப் பற்றி வருமா என்னும் குறிப்பையும் சேர்த்துத் தருதல் வேண்டும். தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்னும் மும்மொழிக்கு அத்தகைய சொற்றொகுதி ஒன்று, சட்டத் துறைச் சொற்களை முதலாகக் கொண்டு தொகுக்கப்படுமாயின், இரு மாநில எல்லையில் பணிபுரியும் மொழிபெயர்ப்பாளர்க்குப் பெரிதும் பயன்படும்.